போய்வர ஐந்து கிலோமீட்டர்

கீரமங்கலம் பக்கத்து ஊர் எதிலாவது திருவிழா நோட்டீஸ் கிடைத்தால் பிரித்துப் பாருங்கள். மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இருந்தால் அதற்கு மட்டும் பாதிப் பக்கம் போயிருக்கும். பெரிய மாடு போய்வர எத்தனை மைல், நடு மாடு எத்தனை மைல், கரிச்சான் மாடு எத்தனை மைல், எங்கே போய்த் திரும்ப வேண்டும், கொடிப் பரிசு யார் உபயம், எல்லாம் அச்சில் இருக்கும். அதே நோட்டீஸின் அடியில், கோலப்போட்டிக்கும் உறியடிக்கும் நடுவே ஒரே ஒரு வரி: காலை 6 மணிக்கு மினி மாரத்தான். தூரம் சில நோட்டீஸில் இருக்கும், பலவற்றில் இருக்காது. விழாக் கமிட்டித் தம்பியைக் கேட்டால், "அஞ்சு கிலோமீட்டர் வரும்ணே, பைக்ல போய்ப் பார்த்துட்டோம்" என்பார்.

மாடு ஓடுகிற தூரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் சண்டை வந்துவிடும். பிள்ளைகள் ஓடுகிற தூரத்தில் அரைக் கிலோமீட்டர் குறைந்தாலும் கேட்க ஆளில்லை. இதை மாற்றச் சொல்லித்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். சின்ன ஊர், சின்ன ஓட்டம், இதற்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். ஆசிய அளவில் மேடையேறிய ஓட்டக்காரர்களைத் தந்த மாவட்டம் எங்கள் புதுக்கோட்டை. ஒன்றுமில்லாத வீடுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆள் எங்கிருந்து வருவார் என்று தேடினால், இந்த மாதிரி ஒரு காலையிலிருந்துதான் வர முடியும்.

விடியுமுன் சாலையில்

ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி என்று மூன்று பக்கமும் போகிற சாலைகள் கீரமங்கலத்துக்கு உண்டு. விடியற்காலையில் அவற்றில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர் பூப்பறிக்கப் போகிறவர்கள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மடி கட்டிக்கொண்டு, தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். மல்லிகையும் முல்லையும் மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அது கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் தராசு ஏற வேண்டும். இன்னொரு வகையினர் ஓடுகிறவர்கள். பனியன், அரைக்கால் டவுசர், சிலர் கையில் பழைய டிஜிட்டல் வாட்ச். பூ மூட்டையோடு வரும் டி.வி.எஸ். எக்ஸெல் ஹார்ன் அடித்தால் ஓரம் ஒதுங்கி, மறுபடியும் தார் மேல் ஏறி ஓடுவார்கள்.

பெரும்பாலும் இவர்கள் பொழுதுபோக்குக்காக ஓடுகிறவர்கள் இல்லை. போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் ஓட்டத்துக்கான முழு 60 மதிப்பெண், தாண்டினால் மதிப்பெண் குறையும். ஐந்தரை நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 26 வினாடி. காலையில் சும்மா ஓடிப் பழகியவருக்கு இது கிட்டாது. திட்டம் போட்டு, மாதக்கணக்கில் உழைத்தால்தான் வரும்.

இவர்களுக்கு கிரவுண்டு என்பது சாலைதான். பள்ளிக்கூட மைதானம் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் மணல் காலை வாங்கும். சாலையில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை கிலோமீட்டர் கல்லுக்கு இடையிலே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்களை நட்டு, 2, 4, 6, 8 என்று எண் எழுதி வைத்திருக்கும். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. ஓடுகிறவர்களுக்கு அந்தக் கற்கள்தான் பயிற்சி அட்டவணை. இரண்டிலிருந்து ஆறு வரை தம் கட்டி ஓட்டம், ஆறிலிருந்து எட்டு வரை மெல்ல நடை, அப்புறம் மறுபடி ஓட்டம். பெரிய ஊர் ஸ்டேடியத்தில் விசில் வைத்துக்கொண்டு பயிற்சியாளர் செய்ய வைக்கிற 400 மீட்டர் இன்டர்வல் இதுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒரு பி.இ.டி. சாரையோ, லீவில் வந்த ராணுவக்கார அண்ணனையோ கைகாட்டுவார்கள்.

இப்படித் தனித்தனியாக ஓடுகிறவர்கள் ஒரே கோட்டில் வந்து நிற்கிற நாள்தான் மினி மாரத்தான் நாள். தை மாதப் பொங்கல் விளையாட்டு விழாவாக இருக்கும், கோயில் திருவிழாவாக இருக்கும், பள்ளி ஆண்டு விழாவாக இருக்கும். 42.195 கிலோமீட்டர் ஓடினால்தான் மாரத்தான். ஆனாலும் நம் ஊரில் மூன்று, ஐந்து, எட்டு கிலோமீட்டருக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

நாலாவது கிலோமீட்டர்

ஐந்து கிலோமீட்டரைக் குறைவாக மதிப்பிடுகிறவர்கள் அதைப் போட்டியாக ஓடிப் பார்த்திருக்க மாட்டார்கள். முப்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இளைப்பாற இடம் உண்டு, நூறு மீட்டர் ஓடுகிறவருக்குத் துன்பம் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து கிலோமீட்டரில் இரண்டுமே கிடையாது. மூச்சு முட்டுகிற வேகத்தின் விளிம்பிலேயே இருபது நிமிடம் நிற்க வேண்டும்.

கொடி அசைந்ததும் கூட்டம் பீறிடும். வெறுங்காலோடு வந்த ஆறாம் வகுப்புப் பையன்கள் அம்பாய்ப் பாய்ந்து முன்னால் போவார்கள். அவர்களைப் பார்த்து இளவட்டங்களுக்கும் ரோஷம் வரும். முதல் கிலோமீட்டரிலேயே பாதிப் பேருடைய ஓட்டம் வீணாகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் ஓட வல்ல ஒருவர் கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். உற்சாகத்தில் முதல் கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டால் அந்த அரை நிமிடம் லாபம்போலத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூச்சுக்காற்றைக் கொண்டுதான் உடம்பு தயாரிக்கிறது. காற்று தருவதைவிட அதிகம் செலவழித்தால் அந்தக் கடனைத் தசைதான் கட்ட வேண்டும். மூன்றாவது கிலோமீட்டரில் தொடை கனக்கும், தோள் தூக்கிக்கொள்ளும், கை ஆடுவது நின்று நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் மிச்சம் பிடித்த அரை நிமிடத்துக்கு வட்டியும் முதலுமாக ஒன்றரை நிமிடம் போய்விடும்.

இரண்டரைக் கிலோமீட்டரில் எல்கை, அதாவது திரும்பும் இடம். நடுரோட்டில் ஒரு டிரம், அதன்மேல் ஒரு கொடி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் டோக்கன் கொடுப்பார், சில ஊரில் புறங்கையில் மை வைப்பார்கள். பாதியிலேயே திரும்பிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. டிரம்மைச் சுற்றுவதற்கு ஒரு கலை இருக்கிறது. பெரிய எட்டு வைத்து வந்தவர் அப்படியே திரும்பினால் கணுக்கால் மடங்கும். பத்தடிக்கு முன்னாலேயே எட்டைச் சுருக்கி, டிரம்மை ஒட்டிச் சுற்றி, டோக்கனை வாங்கி உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, வேகத்தை மறுபடி எடுக்க வேண்டும். தண்ணீர் பாக்கெட்டை வாங்கி நின்று குடிக்கிறவர் அங்கேயே இரண்டு இடம் இழப்பார். ஐந்து கிலோமீட்டருக்கு நடுவில் தண்ணீர் தேவைப்படாது. தலையில் ஊற்றிக்கொள்ளலாம், அது உதவும்.

போய்வருகிற ஓட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது எல்கைக்கு முந்தைய முன்னூறு மீட்டர்தான். முன்னால் போனவர்கள் திரும்பி எதிரே வர ஆரம்பிப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஓடலாம். நம் இடம் எட்டா, பதினொன்றா என்பது அங்கே தெரிந்துவிடும். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்தாலே யார் தாங்குவார், யார் விழுவார் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து வருகிறவரைக் கடைசிக் கிலோமீட்டருக்குள் பிடித்துவிடலாம். கன்னம் தளர்ந்து, கண் இருபதடி தூரத்துச் சாலையில் நிலைத்து வருகிறவரை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் நாலாவது கிலோமீட்டர். தொடங்கும் இடத்தில் கூட்டமும் மைக்செட்டும் இருக்கும், எல்கையில் நாலு பேர் கைதட்டுவார்கள். நாலாவது கிலோமீட்டரில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, போர்செட் ஓடுகிற சத்தம், சாலை ஓரத்தில் காயப்போட்ட மட்டை. விலாவில் குத்தல் எடுக்கும். மூச்சை வேகமாக இழுக்காமல் ஊதி நன்றாக வெளியே விட்டால் குத்தல் தணியும். நடந்துவிடலாமே என்று உடம்பு கேட்கிற இடம் இது. பந்தயத்தின் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது. கொல்லையில் வேலையாக இருக்கிற பாட்டி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஏ ஆத்தா, விட்றாத, ஓடு!" என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிற பெண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு அந்தக் காலையில் வேறு கிடைக்காது.

கடைசி 400 மீட்டரில் ஃபினிஷிங் எடுப்பது பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் நாலாவது கிலோமீட்டரில் நடக்காமல் வந்தவருக்குத்தான் அந்த நானூறு மீட்டர் வாய்க்கும்.

புதிதாக ஓடப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. போட்டிக்கென்று வாங்கிய புது ஷூவை அன்றைக்குப் போடாதீர்கள், குதிகாலில் கொப்புளம் வரும். பழகிய கிழிந்த ஷூ மேல். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் வெறுங்காலிலேயே ஓடலாம், சாலை நடுவில் மட்டும் ஓடுங்கள், ஓரத்தில் ஜல்லி கிடக்கும். முந்தின இரவு பசிக்குச் சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள். காலையில் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

தகரக் கோப்பையிலிருந்து

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். அவருக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவர் தாத்தா. வீட்டுக்கு வெளியே மண் தரையில், பதின்மூன்று வயதில். எட்டாம் வகுப்பில் கலந்துகொண்ட முதல் போட்டியில் அவருக்குக் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை. அதற்கப்புறம் அவருடைய ஓட்டத்தைக் கவனித்த ஒரு பள்ளிப் பயிற்சியாளர் படிப்பும் சீருடையும் மதியச் சாப்பாடும் ஏற்பாடு செய்தார். 2005-ல் இன்சியான் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடி வெள்ளி, நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி. பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தப் பெண்ணை உலகமே பார்க்க அவமானப்படுத்தினார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. பிழைப்புக்காக மறுபடி செங்கல் சூளைக்குப் போன காலமும் அவருக்கு உண்டு. அதிலிருந்து மீண்டு, பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியில் சேர்ந்தார்.

கோவிந்தன் லட்சுமணன் இதே மாவட்டத்துக்காரர், ராணுவ வீரர். 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த மாதமே லண்டன் உலகத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 35.69 வினாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 43 வினாடி. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓட்டப் பாதையின் உள்கோட்டைத் தாண்டி ஓரடி வைத்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டு, வெண்கலம் கைநழுவியது. எல். சூர்யா 2016-ல் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பெண். இவர்கள் இருவரையும் உருவாக்கியவர் புதுக்கோட்டைப் பயிற்சியாளர் லோகநாதன்.

இந்த மூவர் கதையிலும் பணம் இல்லை. ஓடுவதை ஒருவர் கவனித்தார், நேரத்தைப் பார்த்தார், இந்தப் பிள்ளையை விடக்கூடாது என்று முடிவு செய்தார். அந்த ஒருவர் கண்ணில் படுவதற்கு ஒரு போட்டி தேவைப்பட்டது. சாந்திக்கு அது தகரக் கோப்பை தந்த பள்ளிப் போட்டி. கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளைக்கு அது திருவிழா நோட்டீஸின் அந்த ஒரு வரியாக இருக்கலாம்.

அளப்பது எப்படி

இங்கேதான் தூரம் முக்கியமாகிறது. மைல்கல்லோ டேப்போ இல்லாமல், பைக் மீட்டரை மட்டும் பார்த்து எல்கை வைத்தால் ஐந்து கிலோமீட்டர் என்று சொன்னது நான்கரையாக இருக்கக்கூடும். ஒரு பத்தாம் வகுப்பு மாணவி அதை 20 நிமிடத்தில் ஓடி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மைக்கில் நேரத்தைச் சொல்வார்கள், ஊரே கைதட்டும். கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் என்று அந்தப் பிள்ளை மனதில் பதிந்துவிடும். உண்மையில் அது நான்கு நிமிடம் 27 வினாடி. சரியான ஐந்து கிலோமீட்டரில் அதே ஓட்டம் 22 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மாவட்டப் போட்டிக்குப் போய், நான்கு நிமிட வேகத்தில் தொடங்கி, மூன்றாவது கிலோமீட்டரில் சரிந்து, நமக்கு இது ஆகாது என்று வீட்டுக்கு வந்துவிடும். தப்பு அந்தப் பிள்ளையிடம் இல்லை, சாலையை அளக்காதவர்களிடம் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை வெளியூருக்குக் கொண்டுபோகிற ஒரே சர்டிபிகேட் அதனுடைய டைமிங். அது பொய்யாக இருக்கக்கூடாது.

உலக அளவில் சாலை ஓட்டங்களைச் சைக்கிளை வைத்துத்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சின்னக் கருவியை மாட்டுவார்கள், அது சக்கரம் சுற்றுவதை எண்ணும். முதலில் நேரான சாலையில் இரும்பு டேப்பால் 300 மீட்டர் அளந்து, அந்தத் தூரத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று நாலு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு அதே சைக்கிளில் பந்தயப் பாதையை, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுகிறவர் ஓடக்கூடிய ஆகக் குறுகிய வழியில் ஓட்டி எண்ணுவார்கள். கடைசியில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் தரையில் 5,005 மீட்டராக இருக்கும், எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறும், ஆகவே இரண்டு அளவையும் ஒரே காலையில் முடிப்பார்கள். 2021-ன் கடைசி நாளில் பார்சிலோனா சாலையில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி ஐந்து கிலோமீட்டரை 12 நிமிடம் 49 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, அந்தச் சாலையும் இப்படி அளந்த சாலைதான்.

நமக்கு ஜோன்ஸ் கவுன்டர் வேண்டாம். சக்கரத்தின் ஒரு கம்பியில் சிவப்புத் துணி கட்டி, ஒருவர் மெதுவாக ஓட்ட இன்னொருவர் கூடவே வந்து எண்ணினால் போதும். நம் ஊர்ப் பந்தயம் போய்வருகிற பந்தயம் என்பதால் பாதியை அளந்தால் கணக்கு முடிந்தது: இரண்டரைக் கிலோமீட்டரில் டிரம்மை வைக்க வேண்டியதுதான். போய்வருவதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, போகும்போது ஏற்றம் என்றால் வரும்போது இறக்கம். உலக சாதனை விதிகளே தொடக்க இடமும் முடிவிடமும் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்கின்றன. எல்கைப் பந்தயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிற ஏற்பாடு அந்த விதிக்குத் தானாகவே பொருந்துகிறது.

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரத்தில் சிவன் சிலை நிற்கிறது. அதற்கு எதிரே நக்கீரர் நிற்கிறார். ஊர்ப் பெயரே அவரால் வந்தது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. பிழை இருந்தால் இறைவன் என்றும் பாராமல் எடுத்துச் சொன்ன புலவரைச் சிலை வைத்துக் கும்பிடுகிற ஊரில் ஒரு ஓட்டத்தின் தூரம் பிழையாக இருக்கலாமா?

கணக்கு வைப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம், வடகாடு, பேராவூரணி என்று வரிசையாக மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ரூபாய் பிசகாமல் நோட்டில் ஏறும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரும் பணம் எண்ணும் மெஷினும் கூட வந்துவிட்டன. ஓட்டத்துக்கும் அப்படி ஒரு நோட்டு போடலாம்: பெயர், வயது, பள்ளி, வந்த இடம், எடுத்த நேரம். முதல் மூன்று பேருக்கு மட்டும் என்று இல்லாமல், கோட்டைத் தாண்டிய எல்லோருக்கும். போன வருஷம் 26 நிமிடத்தில் வந்த பையன் இந்த வருஷம் 23-ல் வந்திருக்கிறான் என்றால் அது கோப்பையைவிடப் பெரிய செய்தி. நோட்டு இல்லாவிட்டால் அந்தச் செய்தி யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆறு மணி என்றால் ஆறு மணி

ஓட்டத்தைக் கெடுக்கிற இன்னொன்று தாமதம். ஆறு மணிக்கு என்று போட்டிருப்பார்கள். ஐந்தரைக்கே பிள்ளைகள் வந்து உடம்பைச் சூடாக்கி நிற்பார்கள். கொடியசைக்கச் சிறப்பு விருந்தினர் வர வேண்டும். ஆறே கால், ஆறே முக்கால், ஏழு. சூடாக்கிய உடம்பு ஆறிப்போகும், குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கும், சூரியன் தோப்புக்கு மேலே வந்துவிடும். தை மாதம் என்றால் சமாளிக்கலாம். மாசி, பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் ஏழரை மணி வெயிலில் குழந்தைகளை முழு வேகத்தில் ஓட விடுவது ஆபத்து. ஓடும்போது உடம்பு தானே சூடு உண்டாக்குகிறது, வெளியே வெயிலும் சேர்ந்தால் வேர்வை ஈடுகொடுக்காது. தள்ளாடி வருகிற பிள்ளையை உற்சாகப்படுத்தி ஓட வைக்காதீர்கள், பிடித்து நிழலில் படுக்க வைத்துத் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். விருந்தினர் பரிசு கொடுக்க வரட்டும், அதற்கு நேரம் நிறைய இருக்கிறது. கொடியை ஊர்ப் பெரியவர் ஒருவரோ, போன வருஷம் ஜெயித்த பிள்ளையோ சொன்ன நேரத்துக்கு அசைத்துவிடலாம்.

நிழல் பற்றிப் பேசினால் கஜாவைப் பேசாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் இந்த வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. சாலையோரத்து மரங்களும் போயின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சேந்தன்குடி 'மரம்' தங்கசாமி மறைந்திருந்தார். வாழ்நாளெல்லாம் மரம் நட்டு, போகிற விசேஷத்துக்கெல்லாம் கன்று கொடுத்து, தன் நிலத்தையே காடாக்கிய மனிதர். பல விழாக்களில் பரிசோடு மரக்கன்றும் கொடுக்கிற பழக்கம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பந்தயப் பாதையின் ஓரத்திலேயே, குறிப்பாக யாருமில்லாத அந்த நாலாவது கிலோமீட்டரில் நட்டு, நீர் ஊற்றுகிற பொறுப்பையும் ஓடுகிற இளைஞர்களிடமே கொடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்.

பெண்பிள்ளைகளின் கோடு

நிறையப் பேசப்பட வேண்டியது இது. ஆரம்பப் பள்ளிப் பிரிவில் பையன்களும் பெண்களும் ஏறக்குறையச் சமமாக நிற்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பில் பெண்கள் வரிசை பாதியாகும். கல்லூரி வயதில் விரல் விட்டு எண்ணலாம். "போதும்டி, நாலு பேர் பார்க்க ரோட்டுல ஓடிக்கிட்டு" என்பதில் ஆரம்பித்து, ஓடுவதற்கு ஏற்ற உடுப்பு இல்லாதது, உடை மாற்ற இடமில்லாதது, கழிப்பறை இல்லாதது என்று காரணங்கள் அடுக்கடுக்காக வரும்.

பெண்ணின் உடம்பு நீண்ட ஓட்டத்தைத் தாங்காது என்று உலகமே நம்பிய காலம் ரொம்பப் பழையது அல்ல. 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனார்கள் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-ல்தான் வந்தது, 5,000 மீட்டர் 1996-ல். அந்த 5,000 மீட்டரில்தான் நம் மாவட்டத்துச் சூர்யா தெற்காசியத் தங்கம் எடுத்தார்.

2023 முதல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் அறிஞர் அண்ணா பெயரில் நெடுந்தூர ஓட்டப்போட்டி நடத்துகிறது. 17 முதல் 25 வயது வரை ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 5 கிலோமீட்டர். 25 வயதுக்கு மேல் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு அதே 5. தூரம் வேறாக இருந்தாலும் பரிசு ஒன்றுதான்: முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, அடுத்து 2,000, நாலாவது முதல் பத்தாவது வரை வருகிற ஒவ்வொருவருக்கும் 1,000. ஊர்ப் போட்டி நடத்துகிறவர்கள் இதிலிருந்து இரண்டு விஷயங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு என்ன பரிசோ அதே பரிசு பெண்ணுக்கும். பரிசு மூன்று பேரோடு நிற்காமல் பத்தாவது இடம் வரை போக வேண்டும், தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஏழாவதாக வந்த பெண்ணின் கையில் ஒரு கவர் இருந்தால், "ரோட்டுல ஓடி என்னத்தைக் கண்ட?" என்று கேட்கிற வீட்டில் அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

25 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று தனிப் பிரிவு அரசுப் போட்டியில் இருக்கிறது, நம் ஊர் நோட்டீஸ்களில் அதை நான் பார்த்ததில்லை. கல்யாணமான பெண்கள் யார் ஓட வருவார்கள் என்று கமிட்டியில் கேட்பார்கள். விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு நடந்து, குனிந்த முதுகோடு மணிக்கணக்கில் பூப்பறித்து, கூடையைத் தலையில் வைத்துத் திரும்ப நடந்து வருகிற பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! மூச்சுக்கும் காலுக்கும் அவர்களிடம் குறைவில்லை. மூன்று கிலோமீட்டரில் தொடங்கலாம், நடந்து முடித்தாலும் சரி என்று அறிவிக்கலாம். நேரத்தை மட்டும் மாற்றி வைக்க வேண்டும். காலை ஆறு மணி அவர்களுக்குப் பறிப்பு நேரம். பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வெயில் தாழ்ந்து மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் வருவார்கள். பேரை எழுதிக்கொள்ள ஒரு பெண்ணை உட்கார வையுங்கள், உடை மாற்றப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறையின் சாவியை முந்தின நாளே வாங்கி வையுங்கள்.